கோவில் வாசலில் எந்தச் சட்டம்?

ஆலயத்துக்கு உள்ளே ஆகமம், ஆலயத்துக்கு வெளியே அரசாங்கம், ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் கால்வைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கோவில் பரிபாலன சபைகளின் கூட்டங்களிலும், சைவ மாநாட்டு மேடைகளிலும், இப்போது இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நடைபெறும் கும்பாபிஷேக விழாக்களிலும் இந்த வாதத்தை நான் எத்தனையோ தடவைகள் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. மத சுதந்திரத்தின் சாரமே இதுதான் என்றுகூடத் தோன்றும். இதனைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்களும் அல்லர். ஆயினும் எங்கள் மண்ணில் இந்த வாதம் எப்போதெல்லாம் உரத்து ஒலித்தது, யாரை நோக்கி ஒலித்தது என்று திரும்பிப் பார்த்தால், வாசலில் நின்ற ஒரு மனிதனைத் திருப்பி அனுப்புவதற்காகவே அது பெரிதும் பயன்பட்டிருக்கிறது.

மதம் விதிக்கும் சட்டமும் நாடு விதிக்கும் சட்டமும் மோதும்போது எதற்குப் பணிவது என்ற கேள்வியை நம்மவர்கள் இப்போது மிகுந்த சூட்டுடன் பேசுகிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. முதலில் அந்தக் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2019 செப்டெம்பர் 23ஆம் திகதி முல்லைத்தீவு செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோவில் வளவில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வளவில் விகாரை அமைத்துத் தங்கியிருந்த பிக்கு ஒருவர் நோயுற்று மகரகமையில் காலமானார். அவரது உடலைக் கோவில் வளவில் தகனம் செய்யக் கூடாது, வேறோர் இடத்தில் செய்ய வேண்டும் என்று முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளை கையில் இருந்தது. பொலிஸாரும் அங்கே நின்றனர். ஆனால் ஞானசார தேரரின் தலைமையில் வந்தவர்கள் கோவிலின் தீர்த்தக் கேணி அருகே சிதை மூட்டினார்கள். நீதிமன்றக் கட்டளையை எடுத்துச் சொன்ன சட்டத்தரணி தாக்கப்பட்டார். இந்தத் தேரர் யார் என்றால், நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்று, அதே ஆண்டு மே மாதம் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தவர். புத்த சாசனத்தின் மரியாதை நீதிமன்றத்தின் கடதாசியிலும் பெரியது என்பதே அன்று அங்கே நின்றவர்களின் வாதம்.

குருந்தூர்மலையிலும் இதே கதைதான். புதிய கட்டுமானங்களை நிறுத்தும்படி முல்லைத்தீவு நீதிமன்றம் 2022இல் கட்டளை பிறப்பித்தது, பணிகள் தொடர்ந்தன. அந்த வழக்கைக் கேட்ட நீதிபதி ரி. சரவணராஜா, 2023 செப்டெம்பரில், உயிருக்கு அச்சுறுத்தல் எனக் காரணங்காட்டிப் பதவியைத் துறந்து நாட்டைவிட்டே வெளியேறினார். ஒரு நீதிபதி தாம் எழுதிய கட்டளைக்காக ஊரை விட்டு ஓட வேண்டிய நாடு எப்படிப்பட்ட நாடு என்று நாம் கேட்டோம். சரியாகவே கேட்டோம். கொழும்பிலும் ஜெனீவாவிலும் கேட்டோம். நீதிமன்றத்தின் கட்டளை எந்தக் காவியுடைக்கும் மேலானது என்று எழுதினோம், ஊர்வலம் போனோம், சட்டத்தரணிகள் பணியைப் பகிஷ்கரித்தார்கள்.

இந்த நியாயத்தை நாம் பிக்குவுக்கு மட்டும் சொல்லப் போகிறோமா, எங்கள் தர்மகர்த்தாக்களுக்கும் சொல்லப் போகிறோமா? என்னுடைய கேள்வி இவ்வளவுதான்.

இதனை ஏன் கேட்கிறேன் என்றால், நீராவியடிக்கு ஐம்பத்தொரு ஆண்டுகள் முன்னதாக எங்கள் பக்கத்தில் ஒரு மாவிட்டபுரம் இருந்தது. இளைய தலைமுறையினரில் பலருக்கு, அதிலும் புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்தவர்களுக்கு, அந்தப் பெயர் கந்தசுவாமியின் ஆடி அமாவாசைத் திருவிழாவை மட்டுமே நினைவூட்டும். ஆகவே சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாழ்த்தப்பட்டவர்கள் எனப்பட்டோர் யாழ்ப்பாணத்துப் பெருங்கோவில்களின் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் இடையறாத முயற்சியால் 1956இல் நல்லூர், வண்ணார்பண்ணை போன்ற இடங்களின் சில பெரிய கோவில்கள் கதவைத் திறந்தன. அடுத்த ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அது. சாதியைக் காரணமாக்கி ஒருவரைப் பாடசாலையிலோ, தேநீர்க்கடையிலோ, பொதுக் கிணற்றிலோ, வழிபாட்டிடத்திலோ தடுப்பது குற்றம் என்றாயிற்று. சட்டம் புத்தகத்தில் ஏறியது, ஊரில் இறங்கவில்லை. தேநீர்க்கடைகளில் தனிப் பேணியும் போத்தலும் தொடர்ந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்துக்குப் பின்னர்தான், தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவான பின்னர்தான், அந்தச் சட்டத்துக்கு உயிர் வந்தது. கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்த நாட்களின் வெக்கை தெரிந்திருக்கும்.

1968 ஜூன், ஜூலை மாதங்களில் இயக்கத்தினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே சென்று கும்பிட அனுமதி கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். அவர்களைத் தடுக்க ஒரு கூட்டம் திரண்டது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு கிராமத்து மணியகாரர் அல்லர். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர், பாரிஸ்டர், டி. எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர், மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் அப்பதவியைத் துறந்தவர், தனி நாடு என்ற சொல்லை மற்றவர்கள் நினைக்கவே அஞ்சிய காலத்தில் உச்சரித்தவர், 'அடங்காத் தமிழர்' சி. சுந்தரலிங்கம். கொழும்புக்கு அடங்காதவர் என்று தமிழர் அவரைக் கொண்டாடினார்கள். எழுபது வயதைக் கடந்த அந்த மனிதர் மாவிட்டபுரம் வாசலில் சட்டத்துக்கும் அடங்க மறுத்தார். ஆகமமும் வழக்கமும் பாராளுமன்றத்துக்கு மேலானவை என்பது அவர் கட்சி.

பொலிஸார் வழக்குத் தொடர்ந்தனர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு 50 ரூபா குற்றப்பணம் விதிக்கப்பட்டது. அவர் விடவில்லை. உட்பிராகாரத்துக்குள் செல்லும் உரிமை வழக்கத்தின்படி அவர்களுக்கு என்றுமே இருந்ததில்லை. இல்லாத உரிமையை நான் எவ்வாறு தடுத்தவன் ஆவேன் என்று வாதாடியபடி இலண்டன் கோமறைக் கழகம் வரை மேன்முறையீடு செய்தார். அங்கும் தோற்றார்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஆகமமே மேலானது, நாட்டின் சட்டம் அதைத் தொடக் கூடாது என்றவர், அந்த ஆகமத்தைக் காப்பாற்றும்படி எங்கே போய் விண்ணப்பித்தார்? திருவாவடுதுறைக்குப் போகவில்லை, காஞ்சிக்குப் போகவில்லை. பிரித்தானிய முடிக்குரிய நீதிபதிகளிடம் போனார். மாவிட்டபுரத்துக் கந்தன் யாருக்குக் காட்சி தர வேண்டும் என்று அவர்கள் தீர்மானிக்கலாமாம். கொழும்புப் பாராளுமன்றம் மட்டும் தீர்மானிக்கக் கூடாதாம்.

இது அவர் ஒருவரின் முரண்பாடு என்று தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்து மாவட்ட நீதிமன்றத்தின் பழைய வழக்கேடுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், கோவில் வழக்குகள் எத்தனை என்று. தர்மகர்த்தா யார், பூசை உரிமை எந்த வமிசத்துக்கு, உண்டியல் கணக்கை யாரிடம் காட்டுவது, திருவிழா உபயம் யாருடையது, கோவில் காணியை ஈடு வைத்தது செல்லுமா எல்லாவற்றுக்கும் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேறுகிறோம். தகப்பன் தொடங்கிய கோவில் வழக்கை மகன் நடத்தி, பேரன் சமாதானம் செய்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் சிவில் சட்டம் ஆலயத்துக்குள் நுழைவதை ஒருவரும் தீட்டு என்று சொன்னதில்லை. உண்டியல் பெட்டிக்கு நுழையலாம். ஒரு மனிதனுக்காக மட்டும் நுழையக் கூடாது.

அந்த நாட்களில் பத்திரிகைகள் இதனை எப்படி எழுதின என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இது என் தொழிலோடு தொடர்புடையது. நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில் கோவில் வாசலில் சாதித் தகராறு என்று நிருபர் எழுதி அனுப்பினால், மேசைக்கு வரும்போது அது 'இரு பகுதியினருக்கிடையில் முறுகல்' ஆகிவிடும். எந்த இரு பகுதி என்று வாசகனுக்குத் தெரியும். அச்சில் மட்டும் தெரியக் கூடாது. திருவிழாக் காலத்தில் விளம்பரம் தரும் கோவில்களைப் பகைக்க வேண்டாம் என்பது முகாமைத்துவத்தின் அறிவுரை. சொல்லை மாற்றாதீர்கள் என்று நான் வாதாடிய இரவுகள் உண்டு. வென்ற இரவுகள் மிகச் சில. சாதி என்ற சொல் எங்கள் செய்திப் பத்திகளில் அரிதாகவும் மணமகள் தேவை விளம்பரங்களில் தாராளமாகவும் வந்துகொண்டிருந்தது.

சரி, ஆகமத்துக்கு வருவோம். ஆகமம் என்பது வெறும் சாக்கு என்று நான் சொல்லவில்லை. அது ஒரு பெரிய நூல் மரபு. கருவறையில் யார் நிற்பது, தீட்சை பெற்றவன் எவன், கொடியேற்றத்தின் கிரமம் என்ன, பிம்பத்தின் அளவென்ன என்றெல்லாம் நுணுக்கமாக வகுத்த மரபு. அதை உயிரினும் மேலாகக் காக்கும் சிவாசாரியார்களை எனக்குத் தெரியும். அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆகமத்தின் பெயரால் பேசும் தர்மகர்த்தாக்கள் அதை எங்கே கடைப்பிடித்தார்கள், எங்கே கைவிட்டார்கள் என்று பார்க்க வேண்டாமா?

யாழ்ப்பாணத்தின் புகழ்பெற்ற கோவில் நல்லூர். அதன் மூலஸ்தானத்தில் இருப்பது வேல். இது ஆகமத்துக்கு உடன்பட்டதல்ல என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரே கடுமையாக எழுதினார், போராடினார். கோவில் அசையவில்லை, வேல் அங்கேயே இருக்கிறது, இலட்சக்கணக்கானோர் அதன் முன் கண்ணீர் மல்கி நிற்கிறார்கள். (சாதி விடயத்தில் நாவலர் நம் பக்கத்து ஆள் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அவரைச் சாட்சிக்கு அழைப்பது ஆகம விடயத்துக்கு மட்டுமே.) தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வாய் கட்டிப் பூசை செய்பவர்கள் கப்பூகர், அங்கே ஆகமக் கிரியை இல்லை. அதனால் முருகன் அங்கிருந்து போய்விட்டான் என்று எவரும் சொல்வதில்லை. மற்ற கோவில்களில் மேளகாரருக்குப் பதிலாக மின்சார மேளம் அடிக்கிறது. அர்ச்சனைக்குச் சிட்டை கிழிக்கிறார்கள். ஒலிபெருக்கி இரவிரவாக அலறுகிறது. எந்த ஆகமத்தில் இருக்கிறது?

புலம்பெயர்ந்த நாடுகளில் நிலைமை இன்னும் சுவையானது. ஜேர்மனியின் ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் ஒரு தொழிற்பேட்டையில் நிற்கிறது. நகராட்சியின் அனுமதி கிடைத்த இடம் அது. தீர்த்தத்துக்கு மக்கள் அருகிலுள்ள கப்பல் கால்வாய்க்குப் போகிறார்கள். இலண்டனிலும் சூரிச்சிலும் பாரிஸிலும் தேர்த் திருவிழா ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வைக்கப்படுகிறது, ஏனெனில் பக்தர்களுக்கு அன்றுதான் விடுமுறை. தேர் எந்த வீதியால் போவது, எத்தனை மணிக்கு இருப்பிடம் திரும்புவது என்பதைப் பொலிஸார் சொல்கிறார்கள். கற்பூரம் எங்கே கொளுத்தலாம் என்பதைத் தீயணைப்புப் படை சொல்கிறது. தர்மகர்த்தா சபை தலையாட்டிக் கையொப்பமிடுகிறது. எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. அம்பாள் இதனால் குறைந்துபோகவில்லை. என் கேள்வி வேறு. ஒரு வெள்ளைக்காரத் தீயணைப்பு உத்தியோகத்தருக்கு வளைந்து கொடுக்கிற ஆகமம், அல்வாயிலோ வரணியிலோ பிறந்த ஒரு சைவனுக்கு மட்டும் ஏன் வளைய மறுக்கிறது?

'அரசாங்கம் யாருடைய அரசாங்கம்?' என்று இங்கே ஒரு குரல் எழும் என்பது எனக்குத் தெரியும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்த அதே அரசாங்கம் 1957இல் எங்கள் கோவிலுக்குள் சமத்துவம் போதிக்க வந்ததா என்று அன்றும் கேட்டார்கள். 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, 1978இலும் அதனை உறுதிசெய்த அரசு சைவக் கோவிலுக்குச் சட்டம் எழுதலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. அரச சட்டம் என்பதாலேயே ஒன்று நீதியாகிவிடாது. எங்களை விட அதை நன்றாக அறிந்தவர்கள் யார்? 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் அமர்ந்து, சட்டத்தை மீறித் தபால் தலை வெளியிட்டு, பனாகொடை முகாமில் அடைபட்ட தலைவர்களை நாம் குற்றவாளிகள் என்று சொல்வதில்லை.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கச்சேரி வாசலில் அமர்ந்தவர்கள் சட்டத்தை மீறினார்கள், அடியும் சிறையும் தங்கள் உடம்பில் வாங்கினார்கள். மாவிட்டபுரத்தில் சட்டத்தை மீறியவர்கள் வாசலைக் காத்து நின்றார்கள். அடியை வாங்கியவர்கள் வெளியே அமர்ந்திருந்தவர்கள். சத்தியாக்கிரகம் என்ற சொல்லைத் தன் கொடியில் எழுதிய தமிழரசுக் கட்சி, அந்த இரண்டாவது சத்தியாக்கிரகத்தின் பக்கத்தில் உறுதியாக வந்து நிற்கவில்லை என்பது வரலாறு.

மதச் சட்டமா, அரச சட்டமா என்று என்னைக் கேட்டால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மீறுவதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? இந்த அளவுகோலை நான் மேனாட்டிலிருந்து கொண்டுவரவில்லை. சேக்கிழார் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். திருநாவுக்கரசர் பல்லவ மன்னனின் ஆணையை மறுத்தார். சிவனுக்கு ஆட்பட்டவனை மன்னன் அழைக்க முடியாது என்றார். அதற்காக நீற்றறையில் அடைக்கப்பட்டவர் அவர், நஞ்சுச் சோறு உண்டவர் அவர், யானையின் முன் நிறுத்தப்பட்டவர் அவர், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டவரும் அவர்தான். தம் இறைவனுக்குப் பணிவதற்காக இன்னொருவனின் தோளை அவர் இரவல் கேட்கவில்லை. அதே பெரியபுராணத்தில் நந்தனார் வருகிறார். தில்லையின் விதி காக்கப்பட்டது. யார் நெருப்பில் இறங்கினார்? விதியைக் காத்தவர்கள் இறங்கவில்லை. ஆதனூரிலிருந்து ஆசையோடு நடந்து வந்தவர் இறங்கினார்; அதுவும் பூணூலோடு வெளிவந்த பின்னரே கதவு திறந்தது. நாம் இரண்டு பேரையும் நாயன்மார் வரிசையில் வைத்துப் பூப்போடுகிறோம், இரண்டு கதைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கேளாமலே.

இந்த அளவுகோலை மற்றவர்களுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது அளவுகோல் அல்ல. கேரளத்தில் 1985இல் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாட மறுத்தார்கள். மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாயைத் திறக்கவில்லை. தங்கள் மதம் அனுமதிக்கவில்லை என்றார்கள். பாடசாலை வெளியேற்றியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. மிகச் சரியான தீர்ப்பு என்பேன். அந்தப் பிள்ளைகள் எவருடைய பாட்டையும் தடுக்கவில்லை.

அதே நியாயத்தில், 2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது நம்மவர் தெருவில் இறங்கியது எனக்கு உவப்பாக இல்லை. பாடசாலையின் மரபு என்றார்கள். ஆனால் அந்த உடை அணிந்தவரின் மேனியை மட்டுமே கட்டியது. மாணவிகளின் சேலையையோ திருநீற்றையோ அது தொடவில்லை. இதற்காக என்மீது கோபப்பட்ட நண்பர்கள் பலர். கோபம் இருக்கட்டும்.

ஆனால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்துக்கு வரும்போது அதே அளவுகோல் மறுபக்கம் வெட்டும். 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்தைக்கூடக் காதியாரின் அனுமதியோடு பதிவு செய்ய அந்தச் சட்டம் இடம் வைத்தது. 1995இல் நாட்டின் பொதுத் திருமண வயது 18 ஆக்கப்பட்டபோது முஸ்லிம் சிறுமிகள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். சீர்திருத்தத்துக்கென 2009இல் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு அறிக்கை கொடுக்க 2018 ஆயிற்று. ஒன்பது ஆண்டுகளின் பின்னும் உறுப்பினர் இரண்டாகப் பிரிந்தே நின்றார்கள். இறைவனின் சட்டத்தில் மனிதர் கைவைக்கலாகாது என்றவர்களில் எவருக்கும் பன்னிரண்டு வயதில்லை. இதனை முதலில் துணிந்து சொன்னவர்கள் முஸ்லிம் பெண்களே. தமிழரோ சிங்களவரோ அல்லர். அவர்களுக்குச் சொந்த ஊரில் கிடைத்த வசவுகளை நான் அறிவேன்.

இதைப் படித்துவிட்டு முஸ்லிம்களை நோக்கி விரல் நீட்ட எழும்பும் எங்கள் ஆட்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். தேசவழமையின்கீழ் வரும் மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. அது மத விதி அல்ல, வழக்காறு என்று சட்டத்தரணிகள் திருத்துவார்கள். காணிக்காரிக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? இவை எல்லாவற்றையும் 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை ஒரே போர்வைக்குள் போர்த்தி வைத்தது: முன்னர் இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும், செல்லும். சமூகத் தலைவர்களுடன் அரசு செய்துகொண்ட ஒரு வசதியான உடன்படிக்கை இது. உங்கள் வீட்டுக்குள் உள்ளவர்களை நீங்கள் ஆளுங்கள், உங்களை நாங்கள் ஆள்கிறோம்.

அதே அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தியை எங்கள் தர்மகர்த்தாக்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள்? சாதி, மதம், பால் முதலிய காரணங்களால் ஒருவரைக் கடைகளிலோ உணவகங்களிலோ தன் சொந்த மதத்தின் பொது வழிபாட்டிடங்களிலோ தடை செய்யலாகாது என்று அது பெயர் குறித்தே சொல்கிறது. 'தன் சொந்த மதத்தின்' என்ற சொற்களைக் கவனியுங்கள். வெளியாரை உள்ளே விடும்படி அரசு கேட்கவில்லை. உங்கள் சொந்தச் சகோதரனை விடுங்கள் என்றுதான் கேட்கிறது. இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் கை மற்ற இடங்களில் அழுக்கானது என்பது உண்மை. இந்த வரியில் அழுக்கில்லை.

இதெல்லாம் பழங்கதை, போர் வந்து சாதியை அழித்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். 2018 ஜூனில் தென்மராட்சி வரணியில் ஒரு கண்ணகி அம்மன் கோவிலின் தேரைக் கனரக இயந்திரம் ஒன்று இழுத்துச் சென்ற படத்தை உலகமெங்கும் பார்த்தார்கள். தேர்வடத்தில் எல்லாச் சாதியினரும் கைவைப்பதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்று ஊரவர் குற்றஞ்சாட்டினார்கள். எந்த ஆகமத்தில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு வடம் பிடிக்கும் அதிகாரம் உண்டு? இரும்புக்குத் தீட்டில்லை, மனிதக் கைக்கு உண்டு. அந்தப் படத்தை என் மேசைக் கண்ணாடியின்கீழ் வைத்திருக்கிறேன். மத சட்டம் பெரிதா, அரச சட்டம் பெரிதா என்று தத்துவம் பேச வருபவர்களுக்கு முதலில் அதைக் காட்டுவேன்.

நீதிமன்றத்துக்குப் போய்க் கதவைத் திறப்பதால் மனம் திறக்குமா என்று ஒரு பெரியவர் கேட்டார். திறக்காமல் போகலாம். நல்லூர் வாசலில் யாரும் யாருடைய மனத்தையும் பரிசோதித்து உள்ளே அனுப்புவதில்லை. கதவு திறந்திருக்கிறது, மக்கள் போகிறார்கள், அவ்வளவுதான். அங்கே இன்று தோளோடு தோள் முட்டிக்கொண்டு அங்கப்பிரதட்டை செய்பவர்களில் எவரின் பாட்டன் வெளிவீதியில் நின்றவர் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை.

கடைசியாக, இப்போது இதைப் பேசும் காலமா என்ற கேள்வி. இனம் பேரினவாதத்தின் வாயில் இருக்கும்போது உள்வீட்டுப் பிரச்சினையைக் கிளறலாமா என்பார்கள். 1968இலும் இதைத்தான் சொன்னார்கள். அப்போது சமஷ்டி முதலில் வர வேண்டியிருந்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. மாவிட்டபுரம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. வாசலில் தடுத்தவர்களின் பிள்ளைகளும் தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் ஒரே அகதி முகாம் வரிசையில் ஒரே வாளியோடு நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் அந்தக் கோவிலின் படியை எந்தச் சாதியினரும் மிதிக்க முடியவில்லை. காவலில் நின்ற சிப்பாய் எவரிடமும் குலம் கோத்திரம் கேட்கவில்லை. பின்னர் வலயம் விலகியது, கோவில் மீண்டது, கொடி ஏறியது. அடுத்த திருவிழாவுக்கான உபயகாரர் பட்டியலைத் தயாரிக்கும் சபைகள், வடக்கில் எங்கே இருந்தாலும் சரி, அந்தப் பட்டியலில் யாருடைய பெயர் இதுவரை ஏறவில்லை என்று ஒருதரம் பார்த்துவிட்டுக் குருந்தூர்மலைக்கான அடுத்த கண்டன அறிக்கையை எழுதட்டும்.